பின்னால் எட்டுப் பேர், முன்னால் இரண்டு பேர்

2010 டிசம்பர் 29. ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ மைதானத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கோப்பை இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம். மூன்று நாள் முன்பு கோலாலம்பூரில் 0-3 என்று தோற்றிருந்த இந்தோனேசியா, கோப்பையின் மேல் ஆசை வைக்க வேண்டுமென்றால் குறைந்தது மூன்று கோல் போட்டாக வேண்டும். 18ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. ஃபிர்மான் உதினா உதைத்தார். மலேசியாவின் 21 வயது கோல்கீப்பர் கைருல் ஃபாமி தடுத்தார். அதன்பிறகும் இந்தோனேசியர்கள் அலை அலையாக வந்தார்கள். 54ஆவது நிமிடத்தில், அவர்கள் ஆட்களை எல்லாம் முன்னே அனுப்பிவிட்டு நின்ற வேளையில், சஃபி சாலி மறுமுனையில் கோல் போட்டார். இந்தோனேசியா அந்த ஆட்டத்தை 2-1 என வென்றும் கோப்பை மலேசியாவுக்குப் போனது. அந்தப் போட்டியில் மலேசியா வென்ற முதல் கோப்பை அது.

கோட்டுக்கு வெளியே நின்றிருந்த பயிற்சியாளர் மலேசியத் தமிழர் கே. ராஜகோபால். அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி என்று தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதே மைதானத்தில், அதே இந்தோனேசியாவிடம், அதே டிசம்பர் மாதம் முதல் தேதி மலேசியா 1-5 என்று அடி வாங்கியிருந்தது. நான்கு வாரத்தில் புதிய ஆட்டக்காரர்கள் யாரும் முளைத்துவிடவில்லை. ராஜகோபால் முதலில் பின்பக்கத்தை இறுக்கினார். அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்துடன் 0-0. அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் வியட்நாமைச் சொந்த மண்ணில் 2-0 என வென்றுவிட்டு, ஹனோயில் 90 நிமிடமும் தாக்குப்பிடித்து 0-0 என்று திரும்பினார்கள். அந்தத் தொடரில் சஃபி சாலி போட்டவை ஐந்து கோல்கள். அடைத்து நிற்கவும் தெரிந்த, பாயவும் தெரிந்த அணி அது.

தமிழகத்துக் கால்பந்து ரசிகர்களிடம் ‘டிஃபென்சிவ் ஆட்டம்’ என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. பயந்தவன் ஆட்டம், கால் வராதவன் ஆட்டம் என்று பேர். அது நியாயமில்லை. ஆள்பலமும் பணபலமும் குறைந்த தேசிய அணிகள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகித் தேர்ந்த வித்தை அது. இந்தியாவின் கதையும் அந்த வித்தையோடு பின்னிப் பிணைந்தது. அதில் நாம் முதல் பாதியைக் கற்றோம், இரண்டாம் பாதியைத் தவறவிட்டோம்.

வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சர்வதேச மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நான்கு பேக்குகளை வைத்துக்கொண்டு 68 மீட்டரையும் காக்க முடியாது. ஆகவே 4-4-2 ஆடும் அணி பின்வாங்கும்போது நீளத்தையும் குறைத்துக்கொள்கிறது, அகலத்தையும் குறைத்துக்கொள்கிறது. நான்கு பேக்குகள் பெனால்டி ஏரியாவின் 40 மீட்டர் அகலத்துக்குள் நெருங்கி நிற்பார்கள். அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் நடுக்களத்து நால்வர். பந்து வலப்பக்கம் போனால் எட்டுப் பேரும் வலப்பக்கம் நகர வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் எட்டுப் பேரும் திரும்ப வேண்டும். ஒருவன் இரண்டு அடி பிந்தினாலும் இடையில் வழி திறந்துவிடும். ஓரங்களை வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார்கள். எதிரணி அங்கிருந்து கிராஸ் போடட்டும், உயரமான ஸ்டாப்பர்கள் தலையால் முட்டி வெளியேற்றுவார்கள் என்பது கணக்கு.

இது காவல். பந்தைப் பறித்த கணத்தில் பாய்ச்சல் தொடங்குகிறது. அந்த நேரம் எதிரணியின் பேக்குகள் நடுக்கோட்டைத் தாண்டி வந்திருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் 40, 50 மீட்டர் வெறும் புல்தரை. பறித்தவன் கொடுக்கும் முதல் பாஸ் முன்னோக்கிப் போக வேண்டும். மேலே நிற்கும் இரண்டு ஃபார்வர்டுகளில் ஒருவன் அதை முதுகு காட்டி வாங்கிப் பிடித்து வைக்க, இன்னொருவன் ஓட, பின்னாலிருந்து ஒரு விங்கராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். மூன்று நான்கு பாஸுக்குள் ஷாட் போய்விட வேண்டும். தாமதித்தால் எதிரணி திரும்பி நின்றுவிடும்.

இதற்கு மூல வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல் ராப்பான். ஆஸ்திரியாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் பயிற்சியாளரானவர். 1930களில் செர்வெட் கிளப்பில் அவர் இரண்டு ஹாஃப்களைப் பின்னுக்கு இழுத்து, ஒரு பேக்கை மற்றவர்களுக்கும் பின்னால் காவலாக நிறுத்தினார். 1938 உலகக் கோப்பையில், இணைத்துக்கொண்ட ஆஸ்திரியாவின் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வந்த ஜெர்மனியை, அவர் பயிற்சியில் ஆடிய சுவிட்சர்லாந்து பாரிஸில் மறு ஆட்டத்தில் 4-2 என வீட்டுக்கு அனுப்பியது. 0-2 என்று பின்தங்கியிருந்து எழுந்து வென்ற ஆட்டம் அது. பின்னர் இத்தாலியில் நெரியோ ரோக்கோவும் ஹெலெனியோ எரேராவும் இதையே செதுக்கினார்கள். எரேராவின் இன்டர் மிலான் 1964, 1965 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த அணியில் லெஃப்ட் பேக் ஃபாக்கெட்டி எதிரணி கோல்முகம் வரை ஓடிப்போய்க் கோல் போடுகிறவர். பூட்டுப் போடுவதில் பேர்பெற்ற அணியின் கதை இது.

இந்தியாவின் பாடம் ஒரு படுதோல்வியில் ஆரம்பிக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி, பிரான்ஸிடம் 1-2 என நூலிழையில் தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. பெங்களூரு சாரங்கபாணி ராமன் போட்ட கோலால் ஆட்டம் சமநிலையில் இருக்க, 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் வெற்றி கோலைப் போட்டது. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சின்கியில் யுகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கியது. 1925இல் ஆஃப்சைடு விதி மாறியதும் லண்டன் ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் மூன்றாவது பேக்கை நிறுத்திவிட்டார். இந்தியாவோ கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பின்னால் இரண்டே பேக், முன்னால் ஐந்து ஃபார்வர்ட் என்ற பழைய 2-3-5 வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பூட்ஸ் இல்லாத குறையைவிட அது பெரிய குறை.

அதைச் சரிசெய்தவர் ஐதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தவர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோதும் அவர்தான் பயிற்சியாளர். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்த்து, பின்வரிசையை மூன்றாக்கி, பிறகு நான்காக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்ற ஆட்டத்தில் நெவில் டிசூசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. அரையிறுதியில், நான்கு ஆண்டு முன்பு பத்துக் கோல் போட்ட அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியா முதல் கோலைப் போட்டது. ஆட்டம் 1-4 என முடிந்தாலும், பத்து நான்காகக் குறைந்ததில் ரஹீமின் உழைப்பு தெரிந்தது.

1962 ஆசிய விளையாட்டு அவருடைய உச்சம். அதுவும் ஜகார்த்தாவில்தான். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலை கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. அந்த நிலையில் ரஹீம் எடுத்த முடிவு துணிச்சலானது: ஜர்னைலைப் பின்னாலிருந்து எடுத்து சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றதில் ஜர்னைலின் கோலும் ஒன்று. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாததை இந்தியப் பிரதிநிதி கண்டித்திருந்ததால் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. இறுதியில் மறுபடியும் தென்கொரியா. பி.கே. பானர்ஜி 17ஆவது நிமிடத்திலும், தலையில் கட்டோடு ஜர்னைல் 20ஆவது நிமிடத்திலும் கோல் போட்டார்கள். மீதி எழுபது நிமிடம் இந்தியா அந்த முன்னிலையைக் காத்தது. கொரியாவுக்குக் கிடைத்தது கடைசி நேரத்தில் ஒரு கோல் மட்டும்.

கோல்முகத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் வழியாக ராணுவக் கால்பந்துக்கு வந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிப் பிறகு கோல்கீப்பரானவர். முன்னால் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தின் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாண்டு முன்பு ரோம் ஒலிம்பிக் அணியில் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ் இருந்தார். 1973இல் கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவரே. இந்திய அணியின் பொற்காலத்தைப் பேசும்போது கொல்கத்தாவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பிறகும் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் என்று சில ஆண்டுகள் ஓடின. அதன்பின் ஆசியாவின் மற்ற நாடுகள் முந்திக்கொண்டு போயின. இந்தியா ஜெயிக்க ஆடிய நாள் போய், தோற்காமல் இருக்க ஆடும் நாள் வந்தது. 1984 சிங்கப்பூர் ஆசியக் கோப்பையில் செர்பியப் பயிற்சியாளர் மிலோவான் சிரிச்சின் அணி வலிமையான ஈரானை 0-0 என்று நிறுத்தியது பெரிய சாதனை. ஆனால் நான்கு ஆட்டத்திலும் இந்தியா ஒரு கோல்கூடப் போடவில்லை. காவல் தெரிந்தது, பாய்ச்சல் இல்லை.

2006இல் வந்த பாப் ஹவுட்டன், 1979இல் ஸ்வீடனின் மால்மோ கிளப்பை ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர். 4-4-2 அவருக்கு வேதம். 2008இல் டெல்லியில் தஜிகிஸ்தானை 4-1 என வென்று, சுனில் சேத்ரியின் ஹாட்ரிக்கோடு, 2011 ஆசியக் கோப்பைக்கு வழி பிடித்தார். தோகாவில் ஆஸ்திரேலியா, பஹ்ரைன், தென்கொரியா என்று மூன்று ஆட்டத்தில் இந்தியா வாங்கியது 13 கோல், போட்டது 3. கோல்கீப்பர் சுப்ரத பால் தடுத்தவற்றையும் எண்ணினால் நிலைமை எவ்வளவு மோசம் என்பது புரியும்.

பாதியும் பாதியும் சேர்ந்த ஒரு நாள் 2019 ஜனவரி 6. அபுதாபி, ஆசியக் கோப்பை, எதிரில் தாய்லாந்து. ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் அணி இடைவேளையில் 1-1. இரண்டாம் பாதி தொடங்கிய நிமிடமே வலப்பக்கம் உதாந்தா சிங் பாய்ந்துபோய்ப் பந்தை உள்ளே தள்ள, ஆஷிக் குருனியன் தொட்டுவிட, சேத்ரி நிறுத்தாமல் அடித்தார். அடுத்து உதாந்தா கொடுத்ததை அனிருத் தாபா கீப்பரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். ஜேஜே நான்காவது கோல். 4-1. தாய்லாந்து தன் பயிற்சியாளரை உடனே நீக்கியது. அடுத்து அமீரகத்திடம் 0-2 என்று தோற்ற ஆட்டத்தில்கூட இந்தியா இரண்டு முறை கோல் கம்பத்தை அடித்தது.

மூன்றாவது ஆட்டம் பஹ்ரைனோடு. ஒரு டிரா போதும், அடுத்த சுற்று. அந்த நினைப்பே வினையானது. பாய்வதை விட்டுவிட்டு அணி 90 நிமிடமும் தன் பெனால்டி ஏரியாவைச் சுற்றியே கிடந்தது. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் பெனால்டி. 0-1. அன்று இரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார்.

எட்டு மாதம் கழித்து, செப்டம்பர் 10ஆம் தேதி, ஆசியச் சாம்பியன் கத்தாரை தோகாவிலேயே இந்தியா 0-0 என்று நிறுத்தியது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச். காய்ச்சலில் சேத்ரி இல்லை. கத்தார் 27 ஷாட் அடித்தும் குர்ப்ரீத் சிங் சந்து ஒன்றையும் விடவில்லை. நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய ஆட்டம்தான். அடுத்த மாதம் கொல்கத்தாவில் வங்கதேசம் வந்தது. இப்போது பந்து இந்தியாவின் காலில், கதவடைத்து நின்றது எதிரணி. உடைக்க வழி தெரியவில்லை. 88ஆவது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டியதால் 1-1 என்று மானம் தப்பியது.

கடல் கடந்த தமிழர் கதையிலும் இதே பாடம் உண்டு. சிங்கப்பூரில் வி. சுந்தரமூர்த்தி ஆட்டக்காரராக இருந்த காலத்தில் பந்தை வைத்து வித்தை காட்டியவர், சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பிலும் இருந்தவர். பயிற்சியாளரானபின் தற்காப்பில் இறுக்கமானவர் ஆனார். 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் XII அணியை மலேசிய சூப்பர் லீக் சாம்பியனாக்கியது அந்த இறுக்கம்தான். தேசிய அணியில் அது கைகொடுக்கவில்லை. 2016 சுசுகி கோப்பையில் பிலிப்பைன்ஸ் பத்துப் பேராகக் குறைந்தும் சிங்கப்பூரால் கோல் போட முடியவில்லை, 0-0. தாய்லாந்திடம் 89ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி 0-1. இந்தோனேசியாவிடம் முந்தியிருந்து 1-2. மூன்று ஆட்டத்தில் ஒரே கோலோடு வீடு திரும்பினார்கள்.

இந்தத் தோல்விகளில் கோல் விழுந்த நேரத்தைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிரான்ஸுக்கு 89, தாய்லாந்துக்கு 89, பஹ்ரைனுக்கு 90 தாண்டி. பறித்த பந்தை முன்னால் பிடித்து வைக்க ஆள் இல்லாவிட்டால், வெளியேற்றிய பந்து பத்து நொடியில் திரும்பி வரும். எட்டுப் பேரும் மூச்சு வாங்க நேரம் கிடைக்காது. கால் ஓய்ந்தபின் ஒரு சின்னத் தப்பு, ஒரு ஃபவுல், அவ்வளவுதான். பாய்ச்சல் கோல் போடுவதற்கு மட்டுமில்லை, காவலுக்கு மூச்சு கொடுப்பதற்கும் வேண்டும். 2004 யூரோவில் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என வென்றது. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை தன் ஆளே தவறிப் போட்ட ஒரு சொந்தக் கோலைத் தவிர எதையும் வாங்கவில்லை. இரண்டு அணியும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாய்வதற்கு ஆள் வைத்திருந்தன.

சென்னைக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதி. ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி கோல் போட்டும், ஜான் கிரெகரியின் சென்னையின் எஃப்சி அணி கலங்கவில்லை. ஸ்டாப்பர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2, கோப்பை சென்னைக்கு. நடுக்களத்தில் காவல் நின்ற தனபால் கணேஷ் சென்னைப் பிள்ளை. அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோலும் போட்டவர். காவல்காரனும் பாய வேண்டும் என்பதற்கு அவரே உதாரணம்.

2025 ஆகஸ்டில் தேசிய அணியை ஏற்ற காலித் ஜமீலும் இந்தப் பள்ளியில் வந்தவர். சின்னஞ்சிறு ஐசால் கிளப்பை 2017இல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர். வந்தவுடன் ஆடிய தொடரில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் 2-1 என வென்றார். அதே தொடரில் ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதும் 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. பழைய பிரச்சினை அப்படியே நிற்கிறது.

அதைத் தேசிய அணி முகாமில் பத்து நாளில் தீர்க்க முடியாது. பன்னிரண்டு வயதில் தீர்க்க வேண்டும். சென்னையிலிருந்து ஈசிஆர் வழியே கல்பாக்கம் போகிற வழியில், மாமல்லபுரத்தில், ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்சி மெட்ராஸ் அகாடமியில் சிறுவர்கள் தங்கிப் படித்துக்கொண்டே கால்பந்து பழகுகிறார்கள். இந்தக் கரையில் அப்படி ஒரு இடம் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் ஓர் அகாடமி எத்தனை பிள்ளைகளை எடுக்க முடியும்? கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பள்ளிகளில் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ரஹீம் விட்டுப்போன வழி இருக்கிறது. அவர் ஐதராபாத்தில் இளைஞர்களுக்கென்று டிரிப்ளிங்கே செய்யக்கூடாத போட்டி ஒன்று நடத்தினார். பந்து வந்ததும் அனுப்பிவிட வேண்டும். வலுக்குறைந்த காலால் மட்டும் உதைக்க வேண்டிய போட்டி இன்னொன்று. பறித்த பந்தை யோசிக்காமல் முன்னால் அனுப்பும் பழக்கமும், இரண்டு காலிலும் அடிக்கும் துணிவும் அதிலிருந்து வந்தவை. செங்கல்பட்டு மாவட்டப் பள்ளி விளையாட்டுகளில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இந்த இரண்டு போட்டிகளையும் சேர்க்கலாம். புது மைதானம் வேண்டாம், வெளிநாட்டுப் பயிற்சியாளர் வேண்டாம். விதியை விளக்கி விசில் ஊத ஓர் உடற்கல்வி ஆசிரியர் போதும்.